ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம் என்று இருக்காதீர்கள்

தைப்பூசம் முடிந்த மறுநாள் மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் கிளினிக்கில் கால்களைத்தான் அதிகம் பார்ப்பேன். தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து, 513 படி ஏறி இறங்கிய கால்கள். அன்றைக்கே வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கொப்புளம்தான். கழுவிக் கட்டுப் போட்டால் போதும். நாலைந்து நாள் கழித்து வருகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

காரைக்குடியிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மாவை ஒரு வருடம் அப்படித்தான் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கொப்புளம் உடைந்து நான்கு நாள். பாதம் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

"ஏம்மா இத்தனை நாள் காட்டல?"

"ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருவேன் தம்பி. நம்ம டாக்டர்கிட்டயே காட்டிக்கலாம்னு இருந்தேன்."

சர்க்கரை பார்த்தோம். மீட்டரில் 17 என்று வந்ததும், ரொம்ப இறங்கிவிட்டதோ என்று பயந்துவிட்டார். மலேசியாவில் அளவுமுறை வேறு. 18-ஆல் பெருக்கினால்தான் ஊர்க் கணக்கு வரும். அதாவது 306. சர்க்கரை அவ்வளவு ஏறியிருக்கும்போது புண் எளிதில் ஆறாது, கிருமிக்கும் கொண்டாட்டம். போதாததற்கு, எப்போதோ பல் வலிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கில் நான்கு மாத்திரையும் போட்டிருந்தார். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று பாராமல் போட்ட அந்த நான்கும் நோயைத் தீர்க்கவில்லை. மாத்திரை போட்டாகிவிட்டது என்று அவரைக் காத்திருக்கத்தான் வைத்தன. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். நரம்பு வழியாக மருந்து ஏற்றிக் குணமானார். ஞாயிற்றுக்கிழமை விமானத்தைத்தான் விட்டார். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும்.

வெளியூரில் டாக்டரைத் தேடுவது பெரிய வேலை என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கடை வரிசைகளுக்கு நடுவிலேயே 'கிளினிக்' என்று பலகை தொங்கும். முன்பதிவு இல்லாமலே போகலாம். டாக்டர் பார்த்ததும் மருந்தையும் பெரும்பாலும் அங்கேயே கவுண்டரில் கொடுத்துவிடுவார்கள். நேரே பார்மசிக்குப் போய் ஆன்டிபயாட்டிக் கேட்டால் கிடைக்காது; டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கச் சட்டம் இடம் தரவில்லை. மலேசியக் குடிமக்கள் அடையாள அட்டையோடு எந்த ஊர் அரசு கிளினிக்குக்கும் போகலாம், கட்டணம் 1 ரிங்கிட். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், பாஸ்போர்ட் கேட்பார்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் ரசீதையும் டாக்டரின் குறிப்பையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கால் புண், நகச்சுற்று, பூச்சிக்கடி எதுவானாலும் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வளைத்துக் கோடு போடுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றே காட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், புண்ணிலிருந்து மேலே ஓடும் சிவப்புக் கோடு, தோல் கறுத்துப்போவது, பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தும் தாங்க முடியாத வலி, பேச்சில் தடுமாற்றம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேண்டாம், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. ஆம்புலன்ஸுக்கு 999.

அப்புறம், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டோலோவும் இங்கே வாங்கும் பனடோலும் ஒரே பாராசிட்டமால்தான். பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். பெரியவர்களுக்கே எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. தாண்டினால் ஈரல் கெடும்.

கிளம்பும் முன் தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை, பெயர் தெரியும் பக்கமாகப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். சில ஆன்டிபயாட்டிக்குகள் அதோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு வரலாம். தமிழ் தெரிந்த டாக்டர் கிடைக்காவிட்டாலும் தயங்க வேண்டாம். மலாய் மொழியில் 'லூக்கா' என்றால் காயம், 'நானா' என்றால் சீழ், 'கென்ச்சிங் மானிஸ்' என்றால் சர்க்கரை நோய். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் காலை நீட்டும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். 'அலர்ஜி' என்ற ஒரு சொல் எல்லாருக்கும் புரியும்.