ஹாலிடே ஹார்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

காணும் பொங்கலோ எருது விடும் விழாவோ முடிந்த மறுநாள், "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது" என்று முந்தின நாள் குடித்திருந்த வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், சீட்டில் 'ஹாலிடே ஹார்ட் சிண்ட்ரோம்' என்று எழுதக்கூடும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிலிப் எட்டிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1978-இல் வைத்த பெயர் இது. அதிகம் குடித்து இதயத்துடிப்பு தாறுமாறான 24 பேரை ஆராய்ந்தார்கள். ஞாயிறு முதல் செவ்வாய்க்குள்ளும் பண்டிகையை ஒட்டியும் இப்படி வருபவர்கள் அதிகம் என்று கண்டதால் 'ஹாலிடே'. 'சிண்ட்ரோம்' கிரேக்கச் சொல், சேர்ந்து ஓடுவது என்று பொருள். தமிழில் நோய்த்தொகுதி எனலாம்.

உள்ளே நடப்பது இதுதான். மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு, இதயத்தை வேகமாக்கும் அட்ரினலினைத் தூண்டுகிறது. சிறுநீர் அதிகம் போய், பொட்டாசியமும் மக்னீசியமும் குறையலாம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இதயத்தின் மேலறைத் தசை எடுக்கும் ஓய்வும் சுருங்குகிறது. அப்புறம் கண்ட இடத்திலிருந்து மின்தூண்டல் கிளம்பி, மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே உதறுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இந்த உதறல்தான். 'மேலறை உதறல்' என்றால் யாருக்கும் புரியும். போதை தெளிந்த பிறகும் இது வரும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கிவிடும். ஆனால் உதறும் அறையில் ரத்தம் தேங்கி உறைந்தால், அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

'விடுமுறை இதயம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. கேட்டால் ஓய்வெடுக்கும் இதயம் போல இருக்கிறது. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கிக் குடிக்கும் ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளிக்கு எது விடுமுறை? பெயரில் மது இருக்க வேண்டும். இதயத்துடிப்பின் 'ரிதம்' என்பதற்குச் சீர் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே எழுத்தில் 'மதுவழித் துடிப்புச் சீர்குலைவு', பேச்சில் 'குடித்த மறுநாள் படபடப்பு'.

அந்தப் படபடப்போடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஈசிஜி உதறலைக் காட்டும், காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.