பாட்டிலை அப்புறம் உடைக்கலாம், முதல்ல பில்ஜை (படகோட அடிவயித்துல தண்ணி தேங்குற இடம்) பாருங்க

அஜ்மான், துபாய் பக்கம் நான் யாட் சர்வேயரா இருக்கேன், அதாவது சொகுசுப் படகுகளைச் சோதிச்சுப் பாக்குற ஆள். புதுப் படகை இறக்கும்போது ஷாம்பெயின் பாட்டிலை அது மேல உடைச்சுப் பேர் வைக்கிறது வழக்கம். புது மோட்டார் யாட் வாங்குறவங்க எங்கிட்ட கேக்குறதெல்லாம் எந்த ஷாம்பெயின் வாங்கணும், யார் கையால பேர் வைக்கணும்னுதான், வால்வெல்லாம் டைட்டா இருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேக்கல.

ஒரு 60 அடி யாட்டைத் தண்ணியில இறக்கின அன்னிக்கு விருந்தாளிங்க கோட்டு சூட்டோட வேர்த்து நிக்கிறாங்க, போட்டோகிராஃபர் வெளிச்சம் போயிடும்னு கத்துறாரு, லிஃப்ட் ஆபரேட்டர் படகைத் தூக்கிப் பிடிச்சிருக்குற பெல்ட்டை அவுக்கவே போயிட்டாரு. "பாய், கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டு நான் இன்ஜின் ரூம்ல இறங்கினா, ஏசிக்குக் கடல் தண்ணி எடுக்குற ஹோஸ்ல கிளாம்ப் முறுக்கவே இல்ல, விரல் தடிமனுக்கு ஊத்துது. பெல்ட் இருந்ததால திரும்பத் தூக்கிட்டோம். ஓனர் கேக்கைக் கரையிலயே வெட்டினாரு, எம்மேல கோவம்தான்.

படகு மிதந்ததும் பெல்ட்டைக் கழட்ட விடாதீங்க, லேசா தளர்த்தி அப்படியே வச்சுக்கிட்டு, தரைப்பலகையைத் திறந்து ஒவ்வொரு சீ காக்கையும் (கடல் தண்ணி உள்ள வர்ற வால்வு) ஷாஃப்ட் சீலையும் (புரொப்பெல்லர் தண்டு வெளிய போற இடத்துல தண்ணியைத் தடுக்குறது) டார்ச் அடிச்சுப் பாருங்க. சொட்டாத டைப் சீல்னா உள்ள மாட்டுன காத்தை வெளிய விடணும், இல்லன்னா சூடாகிப் போயிடும். பெட்ரோல் இன்ஜினா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷமாவது பிளோயர் (உள்காத்தை வெளியேத்துற ஃபேன்) ஓடட்டும், பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், பில்ஜுலயே தங்கிடும்.

லீக் மட்டும் இல்ல, எடைக் கணக்கு தப்பினாலும் படகு கவுந்துடும். 2014 மே மாசம் அமெரிக்காவுல அனகோர்டஸ்ல பேடன்ங்கிற புது யாட் இறக்கும்போதே கவுந்துச்சு. 2025 செப்டம்பர்ல துருக்கியில டோல்சே வென்டோங்கிற புது யாட், இறக்கி ஏறக்குறைய 15 நிமிஷத்துல முழுகிடுச்சு. காரணம் எதுவா இருந்தாலும், முதல் மிதப்புல விருந்தாளி, குழந்தைங்க யாரையும் ஏத்தாதீங்க.

சரி, பாட்டில். ஷாம்பெயின் கண்ணாடி நல்ல தடிமன், ஃபைபர் உடம்புல அடிச்சா பாட்டில் சும்மா இருக்கும், ஜெல்கோட்தான் (பளபளப்பான மேல்பூச்சு) விரியும். கண்ணாடி கட்டரால கீறி, வலைப்பைக்குள்ள போட்டு, முன்னாடி நங்கூரம் இறக்குற ஸ்டீல் ஆங்கர் ரோலர்ல அடிங்க. உள்ள கார் டயரை விட ரெண்டு மூணு மடங்கு பிரஷர், கீறுன பாட்டிலை இந்த ஊர் வெயில்ல கார்ல வச்சுக் கொண்டு வந்துடாதீங்க! (நம்ம ஆளுங்க தேங்காயும் உடைப்பாங்க, அதைப் படகுத்துறை மேடையில உடைங்க சாமி, தேக்கு டெக்ல வேணாம்.)

இப்பல்லாம் நான் இறக்குற நாளையும் பேர் வைக்கிற நாளையும் பிரிச்சுடறேன். நடுவுல ஒரு ராத்திரி யாட் மெரினாவுல சும்மா கிடக்கும், காலையில போய் பில்ஜுல கை வச்சுப் பாத்து, காஞ்சிருந்தாதான் கேட்டரிங்காரருக்கு போன்.