பயோகேஸ்னா மாடு வேணுமா?

காரைக்குடியில எங்க லைன் வீட்டுப் பக்கம் பயோகேஸ் பத்தி பேச்சு எடுத்தேன், பக்கத்து வீட்டு அக்கா உடனே கேட்டாங்க, "நம்மகிட்ட ஏது தம்பி மாடு, சாணிக்கு எங்க போறது?" அவங்க மேல தப்பில்ல, பேரு பண்ணின வேலை அது. கிராமத்துப் பக்கமெல்லாம் இதுக்கு கோபர் கேஸ்னுதான் பேரு, கோபர்னா இந்தியில சாணி, அதையே தமிழ்ல சாண எரிவாயுன்னு ஆக்கிட்டோம், அப்புறம் மாடு இல்லாதவங்க இது நமக்கில்லன்னுதான நினைப்பாங்க.

ஆனா பயோகேஸ்ங்கிற சொல்லுல மாடே கிடையாது. பயோன்னா கிரேக்கத்துல உயிர். கேஸ், 17ஆம் நூற்றாண்டுல வான் ஹெல்மாண்ட்னு ஒரு அறிஞர் கேயாஸ்ங்கிற கிரேக்கச் சொல்லை வச்சு உண்டாக்குனது. மிஞ்சின சோறு, காய்கறித் தோலு, வடிச்ச கஞ்சி எதுவா இருந்தாலும் காத்துப் படாம மூடி வச்சா நுண்ணுயிரிங்க தின்னு செரிச்சு வாயுவா விடும், அதுல பாதிக்கு மேல மீத்தேன், எரியுறது அதான். சாணி தொடக்கத்துல மட்டும் போதும், பாலுக்கு உறை ஊத்துற மாதிரி.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? உயிர்வளின்னு எழுதத் தோணும், தயவுசெஞ்சு வேணாம், அது ஆக்சிஜனோட பேரு, ஆக்சிஜன் உள்ள வந்தா இந்த வேலையே நடக்காது. இயற்கை எரிவாயு பூமிக்கடியில இருந்து எடுக்குறது, அதுவும் வேற. உயிரிவாயுன்னு சொல்றது சரிதான், ஆனா நான் உயிரி எரிவாயுன்னுதான் சொல்லுவேன், எரின்னு வந்தாத்தான் அடுப்பு ஞாபகம் வரும்.

நம்ம ஊருல இதுக்குக் கிட்டத்துல இன்னொரு சொல்லும் இருக்கு. மாடு வச்சிருந்த வீடுகள்ல பின்கட்டுல கழனித்தொட்டி இருக்கும், அரிசி கழுவுன தண்ணி, பழைய சோறு எல்லாம் அதுல கொட்டி மாட்டுக்கு வைப்பாங்க. இந்தக் கழனி வயல் இல்ல, கழுநீர்ங்கிறது பேச்சுல தேஞ்சு கழனி ஆயிருச்சு. இப்ப மாடும் போச்சு தொட்டியும் போச்சு, அதே கழனி எங்க வாசல் சாக்கடையில கிடந்து நாறுது.

அக்காகிட்ட இப்படித்தான் சொன்னேன், "மூடி போட்ட கழனித்தொட்டின்னு வச்சுக்கங்கக்கா, மாட்டு வயித்துல நடக்குற மாதிரிதான் உள்ள நடக்கும்."

"அப்ப எலுமிச்சைத் தோலு போடலாமா?"

"அது மட்டும் வேணாங்க்கா, புளிப்பு கூடுனா கேஸ் நின்னுடும்."