சிறையில் மனநோய்ச் சிகிச்சை: குடும்பத்தார் எழுத்தில் கேட்க வேண்டியவை

வேலூர் தொரப்பாடி மத்திய சிறைக்கு மனு பார்க்க (கைதியை நேரில் சந்திக்க) வரும் வாணியம்பாடி, ஆம்பூர், அரக்கோணம் பக்கத்துக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளே இருப்பவர் முன்பே மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தும். சிறை மருத்துவப் பிரிவிலுள்ள மனநல வார்டுக்கு அவரை மாற்றலாம். அப்படியொரு வார்டு இல்லாவிட்டால், இதே சட்டத்தின்கீழ் அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியோடு வெளியிலுள்ள மனநல நிலையத்துக்கு அனுப்பலாம். விசாரணைக் கைதிக்கும் இந்த உரிமை உண்டு.

சிக்கல் இதே பிரிவில்தான் இருக்கிறது. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மனநோயுள்ள கைதி எவரும் சிறையில் இல்லை என்று வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்காமல், இல்லை என்று எழுதித் தரச் சொல்லும் விதிக்கு எப்படிப்பட்ட பதில் வரும் என்று விளக்கத் தேவையில்லை. இரவில் கத்துபவரும், கணக்கெடுப்பில் வரிசையில் நிற்காதவரும் பிளாக்கில் ‘மெண்டல்’ என்றோ ‘நடிக்கிறான்’ என்றோ பெயர் வாங்கி, ஒழுங்கை மீறியவராகத் தண்டிக்கப்படுவதைத் தடுக்க, குடும்பத்தின் கையில் இருப்பது காகிதம் ஒன்றே.

மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதி, மருத்துவச் சீட்டின் நகலை இணைத்து, சிறை மருத்துவருக்கும் ஒரு படி அனுப்புங்கள். அசல் சீட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள். வாசலில் வாய்மொழியாகச் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒப்புகைச் சீட்டு தர மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு வசதியோடு அனுப்புங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ சிகிச்சை பெற்றிருந்தால், ஆவணம் தர நோயாளியின் ஒப்புதலைக் கேட்பார்கள் என்பதால், வழக்கறிஞர் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுவது நல்லது.

குடிப்பழக்கம் உள்ளவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. குடி திடீரென நின்ற முதல் சில நாட்களில் வரும் நடுக்கமும் பிதற்றலும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், கைதான அன்றே, ரிமாண்டுக்கு முன்னிறுத்தும்போதே, நீதித்துறை நடுவரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

கைதியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழிக்காவலுக்குப் போலீசார் இல்லை என்று மருத்துவமனைத் தேதி தள்ளிப்போவது அடிக்கடி கேட்கிற பதில். அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பாமல், தவறிய தேதிகளைக் குறித்து அடுத்த வாய்தாவில் நீதிமன்றத்தில் மனுவாகக் கொடுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ‘அந்த மாவட்டத்தில் போய்க் கேளுங்கள்’ என்ற அலைக்கழிப்பும் சேர்ந்துகொண்டது. வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறதோ அங்குள்ள சட்டப்பணிகள் அமைப்பையே அணுகுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் தர வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டால் 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணில் சொல்லுங்கள்.

சான்றிதழ் வாங்கித் தருகிறேன், உடனே வெளியே வந்துவிடலாம் என்று நீதிமன்ற வளாகத்தில் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். 103ஆம் பிரிவு தருவது சிகிச்சையை மட்டுமே. ஜாமீனுக்குத் தனி மனு போட வேண்டும்.