கல்லுக்குள் இலை கிடைத்தால் கழுவாதீர்கள்

கல்லாகிப்போன செடிகளை ஆராய்பவள் நான். ஏரி தூர்வாரும் மாதங்களிலும் கிணறு வெட்டும் மாதங்களிலும் என் வாட்ஸ்அப்புக்கு இலைகள் வரும். "மேடம், கல்லைப் பிளந்தா உள்ள பனை ஓலை மாதிரி இருக்கு, டைனோசர் காலத்ததா?" என்று கேட்டுப் படம் அனுப்புவார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்தோ பெரம்பலூர் மாவட்டம் தெரணிப் பக்கமிருந்தோ வந்த படமென்றால் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். டைனோசர் காலம் என்பது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது பனை ஓலை இல்லை.

அந்த இலைக்கு டைலோஃபில்லம் என்று பெயர், இறகு இலை என்று பொருள். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த கற்களைப் பார்த்து ஆங்கிலேய நிலவியலாளர் ஜான் மாரிஸ் 1840-ல் வைத்த பெயர். பென்னட்டிடேல்ஸ் என்ற வித்துத் தாவரக் கூட்டத்தைச் சேர்ந்தது. டிரையாசிக் காலத்தில் தோன்றி, ஜுராசிக்கில் உலகெங்கும் செழித்து, கிரெட்டேசியஸ் முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்துபோன கூட்டம் அது. டைனோசர் யுகத்தின் மூன்று காலங்கள் இவை, இதே வரிசையில். வாரிசு என்று இன்று ஒரு செடிகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர், தெரணிப் படிவுகள் முற்காலக் கிரெட்டேசியஸைச் சேர்ந்தவை, அதாவது 14.5 கோடி முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலம். இந்தியா அண்டார்டிகாவிலிருந்து விலகி, நம் கிழக்குக் கரை உருவாகிக்கொண்டிருந்த காலம். ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளில் இலைகளோடு கடல் உயிர்களின் எச்சங்களும் கிடைப்பது அதனால்தான். கரையோரக் காட்டின் இலைகள் ஆழமில்லாத கடலில் விழுந்து, சேற்றில் படிந்து கல்லாகியிருக்கின்றன. 1879-லேயே தொல்தாவர ஆய்வாளர் ஒட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் இந்தச் சென்னைக் கரையோர இலைகளைப் படம் வரைந்து வெளியிட்டுவிட்டார்.

அரியலூர்ப் பக்கத்து மாணவர்கள் தெரணி இலையையும் கல்லமேட்டு டைனோசர் எலும்பையும் ஒன்றாகச் சேர்த்து, "டைனோசர் தின்ற இலை" என்பார்கள். கல்லமேட்டு எலும்புகள் கிரெட்டேசியஸின் கடைசிக் காலத்தவை. இரண்டுக்கும் நடுவே 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

பனை இல்லை என்று எப்படிச் சொல்கிறேன்? என் கழுத்தில் தொங்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். பூங்காக்களில் வட்டமாக விரிந்து நிற்கும் சைகஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மதனகாமப்பூவும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சைகஸின் ஆண் கூம்பிலிருந்து வருவதுதான். கல்லில் இருக்கும் இலையைச் சைகஸ் என்று நினைத்தாலாவது மன்னிக்கலாம், அவ்வளவு ஒத்த தோற்றம். ஆனால் சைகஸின் சிற்றிலையில் நட்டநடுவே ஒரே ஒரு தடித்த நரம்பு ஓடும், பக்க நரம்பே கிடையாது. டைலோஃபில்லத்தில் நடுநரம்பு இல்லை. மெல்லிய நரம்புகள் பல, இணையாக ஓடும். இன்னும் நெருங்கிப் பார்த்தால், சிற்றிலைகள் காம்பின் பக்கவாட்டில் ஒட்டாமல் அதன் மேற்புறத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒரு மூலை உருண்டு நிற்கும், எதிர் மூலை காம்போடு சற்றுக் கீழே வழிந்து இறங்கும். இந்த மூலைகளின் அளவு ஒரு மில்லிமீட்டரோ இரண்டோதான். ஆனால் பெயர் வைக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

சில கற்களில் இலை கரியாகி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அப்படிக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு துணுக்கை நைட்ரிக் அமிலத்திலும் பொட்டாசியம் குளோரேட்டிலும் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலில் விட்டால் கருமை கரைந்து தேன் நிறத்தில் ஒரு தோல் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் அதன் செல் சுவர்கள் சிக்குக்கோலம் போல வளைந்து வளைந்து தெரியும். நடுவே இலைத்துளைகள். துளையைக் காக்கும் செல்களும் அவற்றின் இருபுறத் துணைச் செல்களும் ஒரே தாய்ச்செல்லிலிருந்து பிரிந்தவை என்றால் பென்னட்டிடேல்ஸ். சைகஸ் குடும்பத்தில் அப்படி இருக்காது. 1913-ல் தாவரவியலாளர்கள் ஹாம்ஷா தாமஸும் நெல்லி பான்க்ராஃப்டும் இந்தத் தோல்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், ஒன்றுபோலத் தெரிந்த இலைகள் இரு வேறு குலங்கள் என்பது தெளிவானது. முதன்முதலில் அந்தச் செல்களைப் பார்த்த அன்று மாலை வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நம் தெரணி, ஸ்ரீபெரும்புதூர்க் கற்களில் அந்தப் படலம் பெரும்பாலும் இருக்காது, அச்சு மட்டும்தான். ஈரச் சிமெண்டில் பதிந்த கால் தடம் மாதிரி. இலை போய்விட்டது, அதன் மேடு பள்ளம் மட்டும் நிற்கிறது. அதனால்தான் கழுவாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். தெரணிக் கல் என்பது இறுகிய களிமண்தான். குழாயடியில் காட்டினால் விளிம்பிலிருந்து பொரிந்து, அரை மணி நேரத்தில் கூழாகிவிடும். ஒருமுறை ஒரு மாணவர் ஆசையோடு தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸில் வெள்ளைச் சேறும் அதில் பாதிக் காம்பும்தான் இருந்தன. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. இன்னொருவர் இலை எடுப்பாகத் தெரியட்டும் என்று வார்னிஷ் பூசியிருந்தார். படத்துக்கு அழகாகத்தான் இருந்தது. நரம்புகளின் பள்ளங்களெல்லாம் அடைந்துபோய், லென்ஸில் பளபளப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும்.

கல் பிளந்தால் இரண்டு பாதி கிடைக்கும். இலை பளிச்சென்று தெரியும் பாதியை எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிடுவார்கள். அந்த மூலை உருண்டிருக்கிறதா, வழிகிறதா என்ற விடை பல நேரம் வீசிய பாதியில்தான் இருக்கும். இரண்டையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி ஒரே பையில் வையுங்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, காலை வெயில் சாய்ந்து விழும்போது படமெடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் நரம்பு தெரியாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது இடம். எந்த ஊர், யார் நிலம், எத்தனை அடி ஆழம், எந்த நிற மண். இது இல்லாத இலைக்கல்லை வைத்து எங்களால் அநேகமாக எதுவும் செய்ய முடியாது. ஏன் என்பதற்கு ஒரு உதாரணம். இந்தச் செடிகளின் இலை தனியாக, தண்டு தனியாக, பூப் போன்ற இனப்பெருக்க உறுப்பு தனியாகக் கிடைக்கும். இலைக்கு டைலோஃபில்லம், தண்டுக்கு பக்லேண்டியா, பூவுக்கு வில்லியம்சோனியா என்று ஒரே செடிக்கு மூன்று பெயர். நம் நாட்டுத் தொல்தாவர ஆய்வாளர் பீர்பால் சாஹ்னி 1932-ல், இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்தவற்றைக் கொண்டு மூன்றையும் பொருத்தி, ஒரு முழுச் செடியை எழுப்பிக் காட்டினார். தம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சீவர்டின் நினைவாக அதற்கு வில்லியம்சோனியா சீவர்டியானா என்று பெயரிட்டார். இன்று உலகப் பாடநூல்களில் பென்னட்டிடேல்ஸ் என்றால் அந்தப் படம் வரும். துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் போயிருந்தால் அதை எப்படிக் கட்டியிருக்க முடியும்?

எங்கள் துறைக்காரர்களும் இதில் தவறியிருக்கிறோம். ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் வெள்ளையடிப்பதற்காகப் பெட்டிகளை வராந்தாவில் அடுக்கியபோது சீட்டுகள் பறந்துவிட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது நாற்பது ஐம்பது இலைக்கற்கள் வரிசையாக, ஊர் பேர் இல்லாமல் கிடந்தன. யாரோ ஒருவர் வெயிலில் நடந்து சுமந்துவந்தவை. இப்போது அவற்றை முதலாண்டு மாணவர்களுக்கு வடிவம் காட்டப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்துக்கு வேலி உண்டு, பலகை உண்டு. பெரிய பொருள், கண்ணில் படும், காக்கிறோம். உள்ளங்கை அகல இலைக்கு அது வாய்ப்பதில்லை. தெரணியில் களிமண்ணுக்காக வெட்டும் குழிகளிலிருந்து லாரியில் போகிறது. ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைகளும் மனைகளும் மூடிவிட்டன. ஆகவே புதிதாக ஒரு கிணறோ அஸ்திவாரக் குழியோ தோண்டும் சில நாட்கள்தான் எங்களுக்குக் கிடைக்கும் வாசல். ஜேசிபி ஓட்டுநரும் நிலத்துக்காரரும்தான் அங்கே முதலில் நிற்பவர்கள். பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கு ஒரு போன் போட்டால், மண் மூடுமுன் வந்து பார்க்க யாராவது இருப்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு விவசாயி ஐயா பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணித்து வந்தார். பழைய துண்டில் இரண்டு பாதிகளையும் முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டியிருந்தார். பிரித்தபோது நடுக்காம்பும் இருபுறமும் பதினெட்டுச் சிற்றிலைகளும் முழுதாக இருந்தன. உள்ளே ரேஷன் கடை ரசீதின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தார்: "வடக்குக் கெணறு, 28 அடி, மஞ்சக் களிக்குக் கீழ." அந்த ரசீதைத்தான் சீட்டாக ஒட்டி வைத்திருக்கிறேன்.