கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களா?

போன மாதம் குடியாத்தம் பக்கம் ஒரு பண்ணையில் இருந்தேன். ஒரு வாரக் குஞ்சுகள், ஐயாயிரம். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடித் திறந்து மருந்து உள்ளே இறங்கிய பிறகுதான் குஞ்சைக் கீழே விட வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: "இதனாலதானே டாக்டர் நாப்பது நாள்ல ரெண்டு கிலோ ஆவுது? பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வர்றதும் இதனாலதான்றாங்களே?"

அது வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து. அந்த நோய் வந்தால் கூண்டே காலியாவது நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். நம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும் இதற்கான மருந்து தயாரிக்கிறார்கள்.

சரி, வளர்ச்சி எப்படி? பல தலைமுறைகளாக வேகமாக வளரும் கோழிகளையே பொறுக்கி இனம் சேர்த்ததால் வந்தது. அதோடு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த தீவனம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஐயாயிரம் கோழிக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் கூலிக்கே கட்டுப்படியாகாது. பெண் பிள்ளைகள் பூப்படையும் வயதுக்கு ஊட்டம், உடல் எடை, பரம்பரை என்று வேறு காரணங்கள் உண்டு. எட்டு வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்தால் கோழியைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எலும்போரம் சிவப்பாக இருப்பதும் ரசாயனம் இல்லை. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசிவதுதான்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஆன்டிபயாடிக். மருந்து கொடுத்தால், அது உடலிலிருந்து வெளியேறும் நாட்கள் கழிந்த பிறகே கோழியை விற்க வேண்டும். விலை ஏறியதும் அவசரமாக ஏற்றி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பண்ணைகளில் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது, கிருமிகள் அதற்குப் பழகி மருந்து வேலை செய்யாமல் போகும் ஆபத்தினால்தான். ஹார்மோனைப் பற்றிக் கேட்கும் மக்கள் இதைக் கேட்பதே இல்லை.

அப்புறம், சமையலறை. குழாயடியில் கறியை அலசும்போது தெறிக்கும் தண்ணீரோடு சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் பரவும். அலசித்தான் ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசுங்கள். கறி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நான் அதே பலகையிலதான் சார் தக்காளியும் நறுக்குவேன்" என்றார்.