பம்ப் மாற்றுவதற்கு முன்: ஸ்டார்ட் ஆகாத காரில் எரிபொருள் லைனைச் சோதிக்கும் முறை

"செல்ஃப் எடுக்குதுங்க, ஆனா பிடிக்க மாட்டேங்குது. பம்ப் போயிருச்சுங்களா?" கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் காலையில் வரும் போன்களில் இது அடிக்கடி கேட்கிற கேள்வி. சில இடங்களில் அந்தக் கேள்வியையே பதிலாக எடுத்துக்கொண்டு, எதையும் அளந்து பார்க்காமல் பம்ப்பை மாற்றிவிடுகிறார்கள். டேங்குக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப் அசெம்ப்ளி ஆயிரக்கணக்கில் விலை போகும் பொருள். எலக்ட்ரிக்கல் பாகம் என்பதால், மாட்டிக் கழற்றியதைக் கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அதனால் கரண்ட், பிரஷர் இரண்டையும் அளக்காமல் பம்ப் வாங்கக் கூடாது.

செல்ஃபே மந்தமாகச் சுற்றினால் எரிபொருள் பக்கம் போகவே வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். மீட்டரில் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், பெட்ரோல் சரியாக வந்தாலும் இன்ஜின் பிடிக்காது. வேறு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் முள்ளையும் அப்படியே நம்ப வேண்டாம். மிதவை மாட்டிக்கொண்டால் காலி டேங்க்கூட கால் டேங்காகத் தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற மலைச் சாலையில், ரிசர்வில் இருக்கும் வண்டியைச் சரிவில் நிறுத்தினால், இருக்கிற பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போகும். 5 லிட்டர் ஊற்றிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை.

அடுத்தது காது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2 விநாடி 'ஊம்' என்று பம்ப் ஓடும் சத்தம் வரும். ஏசி, ரேடியோவை நிறுத்திவிட்டு, ஒருவர் சாவியைப் போட, இன்னொருவர் பின்சீட்டில் காது வைத்துக் கேட்க வேண்டும்.

சத்தமே இல்லை என்றால் முதலில் பியூஸ், பிறகு ரிலே (பம்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சிறு மின் சுவிட்ச்) என்று பாருங்கள். பாக்ஸில் அதே நம்பர் ரிலே வேறு இருந்தால், பல கார்களில் ஹார்ன் ரிலே அப்படி இருக்கும், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் புதுசு போட வேண்டும். அதுவும் உடனே போனால் ஒயர் எங்கேயோ பாடியில் தொடுகிறது, அல்லது பம்ப் மோட்டார் இறுகியிருக்கிறது. சில கார்களில் மோதலின்போது பம்ப்பை நிறுத்த ஒரு இனர்ஷியா சுவிட்ச் உண்டு. பெரிய குழியில் இறங்கினால்கூட அது கட் ஆகலாம்; மேலே உள்ள பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து "12 வோல்ட் வருது, அப்போ பம்ப்தான் அவுட்" என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தப்பு. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பம்ப்பைச் சுற்ற அந்த இழை போதாது. எனவே லோடோடு சோதிக்க வேண்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பை டெஸ்ட் லேம்ப்பாகக் கனெக்டரில் போடுங்கள், பளிச்சென்று எரிய வேண்டும். அல்லது, கனெக்டரைக் கழற்றாமல், பம்ப் ஓடும்போது அதன் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் இடையில் அளந்து பேட்டரி வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கோளாறு ஒயரிங்கில், பெரும்பாலும் எர்த்தில். 2 விநாடி போதவில்லை என்றால், ரிலேயைப் பிடுங்கி சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு முனைகளையும் பியூஸ் வைத்த ஒயரால் இணைத்தால் பம்ப் தொடர்ந்து ஓடும். அப்படி ஓடுகிற பம்ப், ரிலேயைத் திரும்பப் போட்டபின் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஓடவில்லை என்றால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் பக்கம் போங்கள். ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே இருந்தால் ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பம்ப்பையும் ஓட்டாது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் திறக்காது.

நம் பக்கத்தில் எலியைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்துச் சாளையில், தென்னந்தோப்புக்குள் ஷெட் போட்டு வண்டியை நிறுத்துகிறோம். பக்கத்திலேயே மாட்டுத் தீவனமும் தேங்காய் மட்டையும் கிடக்கும். எலி ஒயரை மட்டும் கடிப்பதில்லை, டேங்கிலிருந்து வரும் பிளாஸ்டிக் பெட்ரோல் பைப்பையும் கடிக்கும். சில நாள் ஓடாமல் நின்ற காரில் பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். முதலில் அடியில் டார்ச் அடித்து ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை என்றால் ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, குறை ஸ்பார்க்கில், அல்லது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி 5 விநாடி செல்ஃப் அடித்தால் பல கார்களில் இன்ஜெக்டர் நின்று, உள்ளே இருக்கும் பெட்ரோல் வெளியேறும். ப்ளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டிய நேரம்.

போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழியில் பெட்ரோலைப் பீய்ச்சும்) பெட்ரோல் கார்களில் பொதுவாக 3 முதல் 4 பார் பிரஷர் இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பம்ப் நன்றாக ஓடியும் 1, 1.5 பாரிலேயே நின்றால் உடனே பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். அசெம்ப்ளியை வெளியே எடுத்து, பம்ப் தலையிலிருந்து மூடிக்குப் போகும் சுருள் பைப்பைப் பாருங்கள். அது மயிரிழை அளவு வெடித்திருந்தால் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சியடிக்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. அடியில் உள்ள வலை வடிகட்டியில் சேறு அடைத்தாலும், பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங் பிய்ந்தாலும் இதே எண்தான் வரும். பிரஷர் சரியாக இருந்தும் ப்ளக் காய்ந்திருந்தால் இன்ஜெக்டர் கனெக்டரில் அதைத் திறக்கச் சொல்லும் மின் பல்ஸ் வருகிறதா பாருங்கள். இன்ஜெக்டர் காயில் பொதுவாக 12 முதல் 16 ஓம் காட்டும்.

காலையில் மட்டும் நீளமாகச் செல்ஃப் கேட்கிறது, பகலில் பிரச்சினை இல்லை என்றால், சாவியை மூன்று முறை ஆன்-ஆஃப் செய்துவிட்டு அடியுங்கள். உடனே பிடித்தால் லைனில் இரவு முழுக்க நிற்க வேண்டிய பிரஷர் வடிந்துபோகிறது என்று அர்த்தம்: பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வ், அல்லது சொட்டும் இன்ஜெக்டர்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கல்யாணம், கோயில் என்றால் மட்டும் எடுக்கிற வண்டிகளில் இதைக் கவனிக்க வேண்டும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி ஜாரில் கால் மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்கை முழுக்க இறக்கித் துடைத்துத்தான் ஆக வேண்டும். மேலே புது பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

டீசல் காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் பிரஷரில் டீசல் போகும் முறை) கணக்கு வேறு. செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் ஏறத்தாழ 200 முதல் 300 பார் வராவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஈ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்காது. ஸ்கேனரில் இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. வரவில்லை என்றால் ஃபில்டரில் தண்ணீர், லைனில் ஏர், கையால் அழுத்தி டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமர் இறுகாமல் போவது என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் வேகமாக நிறைந்தால் பிரஷர் அங்கேதான் போகிறது. பழைய டீசல் வண்டியில் செய்தது போல ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கவே கூடாது. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் விரலையே இழக்க நேரிடும். ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் க்ளோ ப்ளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது, மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும்.

வழியில் நின்றுபோனவர்களுக்கு: செல்ஃப் ஒரு தடவைக்கு 10 விநாடி, இடையில் ஒரு நிமிடம் இடைவெளி. பெட்ரோல் காரை நெடுநேரம் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயன்றால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது வண்டி பிடித்துக்கொண்டால், பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்தப் பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். டேங்கைக் கழுவி, வலையும் ஓ-ரிங்கும் சேர்த்துப் புதுசு போடச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்முன் கேஜ் மாட்டி பிரஷரைக் காட்டச் சொல்லி, அந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.